மூன்றாவது படி வரை தண்ணீர்

ஒரு குளத்தையே யாராவது திருடிக்கொண்டு போவார்களா?

வாய்விட்டுக் கேட்டிருந்தால் பக்கத்தில் நின்ற ஏட்டு சிரித்திருப்பார். இன்ஸ்பெக்டர் அந்தக் கேள்வியை மனதுக்குள்ளேயே வைத்துக்கொண்டாள். இந்த ஊரில் படகு திருடு போயிருக்கிறது. ஒருமுறை கடற்கரைச் சாலையின் விளக்குக் கம்பம் ஒன்று வேரோடு காணாமல் போயிருக்கிறது. அதெல்லாம் ஊர் படுத்துக் கிடந்த காலத்தில். ஊர் எழுந்து உட்கார்ந்த பிறகு இதுதான் முதல் திருட்டு. அதுவும் தண்ணீர்.

காலை ஐந்தே முக்கால். வெளிச்சம் வந்துவிட்டது, சூரியன் இன்னும் வரவில்லை. பாறைகளுக்கு நடுவே மூன்று பக்கம் சுவர் எழுப்பி, நான்காவது பக்கத்தில் கடலைப் பார்த்து ஒரு மதகு வைத்த நீச்சல்குளம் அது. கடல் ஏறும்போது மதகைத் திறந்தால் நிரம்பும். இறங்கும்போது திறந்தால் வடியும். ஒரு காலத்தில் இதில் குளிப்பதற்காகவே ரயிலேறி வருவார்களாம். அவள் பள்ளிக்கூடம் போகும் வயதில் மணல் மூடி, ஆடுகள் மேயும் மேடாகிவிட்டது. அதைத் தோண்டி, சுவரைப் பூசி, நீல ஓடு பதித்து, தண்ணீர் ஏற்றியாகிவிட்டது. இன்று மாலை திறப்பு விழா. விழாவில் விலக்குவதற்காக நேற்று நண்பகலில் சுற்றிலும் தார்ப்பாய்த் திரை கட்டினார்கள்.

அந்தத் திரைக்குள் இப்போது ஒரு வாளி தண்ணீர்கூட இல்லை.

"மேடம், கூட்டிப் பெருக்கலாம்னு திரையைத் தூக்கினேன். தண்ணியைக் காணோம்." காவலாளியின் கையில் துடைப்பம் இன்னும் இருந்தது.

"ராத்திரி தூங்கினீங்களா?"

"சத்தியமா இல்லைங்க."

"எல்லாரும் இதைத்தான் சொல்வாங்க," என்றார் ஏட்டு.

"இல்லை ஏட்டையா. நேத்து சாயங்காலம் ஆறு மணிக்கு வந்தவன், திரைக்கு வெளியே இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கலை. அந்த மதகு திறந்தா மாடு கத்துற மாதிரி உறுமும். தூங்கினாலும் முழிச்சுக்குவேன்."

"யாராவது வந்தாங்களா?"

"ஒன்பது மணிக்குப் புகார்ப்பெட்டி வந்தாரு. டார்ச் லைட்டைத் திரை ஓட்டை வழியா உள்ள அடிச்சாரு. போங்க சார், போய்ப் படுங்கன்னு விரட்டி விட்டேன்."

ஏட்டின் முகம் மலர்ந்தது. புகார்ப்பெட்டி என்பது ஊர் வைத்த பெயர். எங்கிருந்தோ வந்து தனியாகக் குடியேறிய மனிதர். விளக்கு வெளிச்சம் அதிகம், பாட்டுச் சத்தம் அதிகம், ஐஸ்கிரீம் கடையின் குடை காற்றில் பறந்து கண்ணைக் குத்தும் என்று வாரம் தவறாமல் புகார் கொடுப்பவர். இந்தக் குளம் ஆளைக் கொல்லும் என்றும் கொடுத்திருக்கிறார்.

"முடிஞ்சுது மேடம், கேஸு," என்றார் ஏட்டு.

அவள் குளத்துக்குள் படியிறங்கினாள். ஆழம் குறைந்த பக்கத்திலிருந்து ஆழமான பக்கம் வரை நடந்தாள். பூட்ஸுக்குக் கீழே மெல்லிய சர்க்கரை நொறுங்குவதுபோல் ஒரு சத்தம். குனிந்து பார்த்தாள். ஓடுகளின் மேல் வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. ஒரு மூலையில் விரல் நுனி அளவு நண்டு ஒன்று கிடந்தது. எடுத்தாள். காகிதம்போல எடையில்லாமல், விறைத்து, காய்ந்திருந்தது. ஏனோ அதைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாள்.

மதகு இறுக்கமாக மூடியிருந்தது. மேலே அதைச் சுழற்றும் இரும்புச் சக்கரத்தில் எண்ணெய்த் துணி சுற்றி, ஓரத்தைச் செருகி, முடிச்சுப் போட்டிருந்தது. அதைப் பார்த்தபோது முதலில் அவளுக்கு எதுவும் தோன்றவில்லை. தோன்றவேண்டிய அவசியமும் இல்லை. அப்படித்தான் அது எப்போதும் இருக்கும்.

*

காலை ஆறரை.

தன் அக்கா கடற்கரைச் சாலையிலிருந்து வருவதை இன்ஸ்பெக்டர் தொலைவிலேயே பார்த்துவிட்டாள். நடையில் லேசான இழுவை. பின்னாலேயே தம்பி, தலைகூட வாராமல் ஓடிவந்தான்.

ஊரை எழுப்பி உட்காரவைத்தது அக்காதான். நடன மண்டபத்தில் வௌவால் குடியிருந்த கடற்கரை ஓட்டலைக் குத்தகைக்கு எடுத்தபோது, பைத்தியம் என்றார்கள். முதல் வருடம் ஓட்டலில் தங்கியவர்களை விட ஓட்டலில் வேலை செய்தவர்கள் அதிகம். இன்று வார இறுதியில் அறை கிடைப்பதில்லை. நிற்காமல் போய்க்கொண்டிருந்த ரயில் நிற்கிறது. பலகை அடித்த கடைகள் ஒவ்வொன்றாகப் பலகையைக் கழற்றின. குளத்தைக் கட்டிய ஒப்பந்தக்காரன் தம்பி. அக்காவின் நம்பிக்கைக்கு அவன்தான் கொத்தனார்.

அக்கா விளிம்பில் நின்று குளத்தைப் பார்த்தாள். முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை. இதற்குத்தான் பயந்தேன், என்று தங்கை நினைத்தாள். அழுதால் தேவலை.

"கடைசியா தண்ணியைப் பாத்தது யாருக்கா?"

"நான்தான். நேத்து சாயங்காலம் அஞ்சு மணிக்கு. ஓட்டல் விருந்துக்கு உடுத்திக்கப் போறதுக்கு முன்னாடி திரைக்குள்ள வந்து கையை நனைச்சேன். மூணாவது படி வரைக்கும் தண்ணி நின்னுச்சு. சில்லுனு இருந்துச்சு."

"அதுக்கப்புறம்?"

"ஆறு மணிக்கு விருந்து ஆரம்பிச்சுது. விடிய விடிய விருந்தாளிங்களோடதான் இருந்தேன். நீயும்தானே வந்து ரெண்டு வாய் சாப்பிட்டுட்டுப் போன, சின்னது."

ஊருக்கே இன்ஸ்பெக்டர் ஆனாலும் அக்காவுக்கு அவள் சின்னதுதான்.

"ராத்திரி நடந்திருக்கு," என்றார் ஏட்டு. "புகார்ப்பெட்டியை மீன்காரங்க தூக்கிட்டு வந்து ஸ்டேஷன்ல உக்கார வச்சிருக்காங்களாம். போன் வந்துச்சு."

தம்பிக்கு யார் செய்தது என்பதில் அக்கறையே இல்லை. குளத்தின் விளிம்பில் குறுக்கும் நெடுக்கும் நடந்தான். "யார் பண்ணாங்கன்னு அப்புறம் பாத்துக்கலாம். ஒன்பதரைக்குக் கடல் உச்சத்துக்கு ஏறும். அதுக்குள்ள மதகைத் திறந்துவிட்டா தானா ரொம்பிரும். சாயங்காலம் விழா. ஒருத்தருக்கும் தெரியாது. தர்றியா அனுமதி?"

இவ்வளவு சுலபமா? அவளுக்கு மூச்சு லேசாயிற்று. திருடு போனது தானாகவே திரும்பி வரும் திருட்டு!

"கூடாது," என்றாள் அக்கா.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஒரு சொட்டுத் தண்ணி உள்ள வரக்கூடாது. போலீஸ் பாத்து முடிக்கட்டும். தடயம் அழிஞ்சிடும்."

"என்னக்கா சொல்ற? விழா?"

"தள்ளிப்போடுவோம். ஒரு வாரம். குளத்தைக் கெடுத்துட்டான் ஒருத்தன்னு சொன்னா யாரும் தப்பா நினைக்கமாட்டாங்க." அக்கா தங்கையின் பக்கம் திரும்பினாள். "ஒன்பதரை வரைக்கும் இங்க ஆளைப் போட்டு வை."

தம்பி அக்காவை ஏற இறங்கப் பார்த்தான். விழாவுக்காக மூன்று மாதமாகத் தூங்காதவள், வந்தவர்களுக்கெல்லாம் அழைப்பிதழை நீட்டியவள்.  தங்கை குனிந்து அக்காவின் காலைப் பார்த்தாள். கணுக்காலுக்கு மேலே, அரைச்சாண் உயரத்தில், வெள்ளைத் துணிக்கட்டு.

"என்னாச்சு?"

"புதுச் செருப்பு. கடிச்சிருச்சு."

*

காலை ஏழேகால்.

ஸ்டேஷன் வாசலில் சின்னக் கூட்டம். பத்துப் பதினைந்து பேர் நூறு பேரின் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். "ஊர் வயித்துல மண்ணள்ளிப் போட்டவன்!" "தண்ணியைக் குடிச்சானா, கொண்டுபோய் வித்தானா, கேளுங்க மேடம்!" சுவரோரம் புகார்ப்பெட்டியின் சைக்கிள் சாய்ந்து கிடந்தது. சங்கிலி முதல் மணி வரை சிவப்பாகத் துருவேறி, தொட்டால் உதிரும் கோலத்தில்.

ஏட்டு தன் வண்டியை நிறுத்தினார். பூட்டினார். இருக்கைக்கு அடியிலிருந்து எண்ணெய்த் துணியை உருவிப் பூட்டையும் கைப்பிடியையும் ஒரு துடை துடைத்தார். பிறகுதான் படியேறினார். அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். உப்புக்காற்று ஊரில் இரும்பைத் தொட்ட கை துடைக்காமல் விலகாது. ஏட்டைக் கூப்பிட்டு "இப்போ என்ன செஞ்சீங்க?" என்று கேட்டால், "வண்டியை நிறுத்தினேன்" என்றுதான் சொல்வார். துடைத்தது நினைவிலேயே இருக்காது.

உள்ளே புகார்ப்பெட்டி விறைப்பாக உட்கார்ந்திருந்தார். சட்டைப் பொத்தான் ஒன்று போயிருந்தது.

"முதல்ல ஒரு புகார்," என்றார். "என்னை மீன்கூடையில வச்சுத் தூக்கிட்டு வந்தாங்க."

"கூடையிலயா?"

"தள்ளுவண்டியில. கூடைக்குப் பக்கத்துல. நாத்தம் ஒண்ணுதான்."

அவள் சிரிப்பை அடக்கினாள். "நேத்து ராத்திரி ஒன்பது மணிக்குக் குளத்துல என்ன வேலை?"

"சத்தம் கேட்குதான்னு பாக்கப் போனேன்."

"என்ன சத்தம்?"

அவர் அவளை நம்பமுடியாமல் பார்த்தார். "அம்மா, நேத்து மதியம் இதே நாற்காலியில உக்காந்து இதைத்தானே சொன்னேன்? குளத்து பம்பு ரெண்டு நாளா கரகரங்குது, தண்ணிக்கு அடியில ஏதோ லூசா ஆடுதுன்னு. நீங்க ஆகட்டும், ஆகட்டும்னு தலையாட்டினீங்க."

ஆட்டியிருந்தாள். நினைவு வந்ததும் காதுமடல் சூடாயிற்று. நேற்று அவர் பேசப் பேச அவள் மனம் மாலை விருந்துக்கு என்ன உடுத்துவது என்று யோசித்துக்கொண்டிருந்தது. மதியச் சாப்பாடு முடிந்த கையோடு வந்தவர், வெளியே வெயில் சாய்கிற வரை எழுந்திருக்கவே இல்லை.

"ராத்திரி டார்ச் அடிச்சப்போ தண்ணி தெரிஞ்சுதா?"

"ஓட்டை கண்ணுக்கு மேல இருக்கு. எதிர்ச்சுவர்தான் தெரிஞ்சுது. சத்தம் இல்லை. பம்பை நிறுத்திட்டாங்கன்னு நினைச்சேன். சரி, ஒரு புகாராவது வேலை செஞ்சுதேன்னு சந்தோஷமாப் போய்ப் படுத்தேன்." கொஞ்சம் தயங்கினார். "என்னை இங்கேயே வச்சிருப்பீங்களா? வீட்டுல பூனை இருக்கு. அதுக்கு வேற யாரும் இல்லை."

"சைக்கிளுக்கு எப்பவாவது எண்ணெய் போட்டிருக்கீங்களா?" என்று கேட்டாள்.

"எதுக்கு? ஓடுதே."

ஏட்டு தலையில் அடித்துக்கொண்டார்.

அவள் மேசைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். மனதுக்குள் அந்தச் சக்கரம் மெதுவாகச் சுழலத் தொடங்கியிருந்தது. சுற்றிய துணி. செருகிய ஓரம். முடிச்சு. குளத்தைக் காலி செய்ய வந்த எதிரி, வேலை முடிந்ததும் சக்கரம் துருப்பிடிக்கக்கூடாதே என்று கவலைப்பட்டுத் துணி சுற்றிவிட்டுப் போவானா? இவர் சுற்றமாட்டார். ஊர்க்காரர்களின் கைகள் சுற்றும். மூளைக்குத் தெரியாமலே.

சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து மேசைமேல் பிரித்தாள். குட்டி நண்டு. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குள் ஏதோ ஒன்று குளிர்ந்துகொண்டே போனது. இருட்டில் வடிந்த தண்ணீர் ஈரத்தை விட்டுவிட்டுப் போகும். மூலைகளில் தேங்கும். இப்படி உப்புப் பூக்க, இப்படி நண்டு காய, வெயில் வேண்டும். ஐந்தே முக்காலுக்கு அவள் போனபோது இன்றைய வெயில் வரவே இல்லை.

அப்படியானால் நேற்றைய வெயில்.

"மேடம், டீ ஆறுது," என்றார் ஏட்டு.

"ஆறட்டும்."

*

காலை எட்டு இருபது.

மறுபடி குளம். இந்தமுறை தனியாக இறங்கினாள். நேராக ஆழமான பக்கத்துக்குப் போனாள். அங்கே அடிச்சுவரில் பம்பு தண்ணீரை உறிஞ்சும் துளை. ஒரு குழந்தையின் தோள் போகும் அகலம். அதன் வாயை மூடி வெண்கலச் சல்லடை. நான்கு மூலைகளில் நான்கு போல்ட், பொன்னிறமாக. எல்லாம் ஒழுங்காக இருந்தது.

வெண்கலம் பழசானால் பச்சையாகக் களிம்பேறும். இங்கே போல்ட்டுகளுக்குக் கீழே நீல ஓட்டின்மேல் நான்கு மெல்லிய கோடுகள் வழிந்து காய்ந்திருந்தன. சிவப்பாக.

ஒரு கையால் சல்லடையைப் பிடித்து இழுத்தாள். சமையலறை டப்பாவின் மூடிபோல வந்துவிட்டது. போல்ட்டுகளின் தலை மட்டும் மிச்சம். உடல் துருவாகி உதிர்ந்திருந்தது. யாரோ சல்லடையை எடுத்து அதன் இடத்திலேயே திரும்பப் பொருத்திச் சாத்திவைத்திருக்கிறார்கள்.

"அங்க என்ன பண்ற?" மேலே தம்பி. "மதகைத் திறக்கச் சொல்லிட்டுப் போ, கடல் உச்சத்தை நெருங்கியாச்சு."

"இறங்கி வா."

வந்தான். அவள் கையிலிருந்ததைப் பார்த்தான். படியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டான்.

"என்ன போல்ட்டுடா இது?"

அவன் பொய் சொல்லத் தெரியாதவன். சின்ன வயதில் திருடிய மாங்காயைக் கையில் வைத்துக்கொண்டே இல்லை என்பான். "வெண்கல போல்ட்டு வர லேட் ஆச்சு. தண்ணி ஏத்திப் பாக்கணும்னு அவசரம். தற்காலிகமா இரும்பைப் போட்டு, அசிங்கமா இருக்கேன்னு பெயிண்ட் அடிச்சேன். வந்ததும் மாத்தலாம்னு..."

"வந்துச்சா?"

"வந்து ஷெட்டுல கிடக்கு." குரல் உள்ளே போய்விட்டது. "பெயிண்ட் நல்லா அடிச்சுட்டேன். பாக்குறப்போ வெண்கலமாவே இருந்துச்சு. மறந்தே போச்சு."

"நேத்து மதியம் பம்பு ஓடுச்சா?"

"தினம் ஓடுமே. மதியம் பன்னெண்டுலேர்ந்து ரெண்டு, ராத்திரி எட்டுலேர்ந்து பத்து. தானா ஓடித் தானா நிக்கும்." அவன் அந்தத் துளையைப் பார்த்தான். அதன் அகலத்தைப் பார்த்தான். பிறகு அவன் முகத்தைப் பார்க்க அவளுக்கு மனம் வரவில்லை.

"மதகைத் திறக்கணுமா இப்போ?"

"வேண்டாம்," என்றான்.

*

காலை எட்டே முக்கால்.

ஓட்டலின் மாடியில் அக்காவின் அறை. கடல் பக்கத்து ஜன்னல் திறந்திருந்தது. அக்கா கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். செருப்பு வாசலில் கிடந்தது. புதியதுதான். அதன் வார் விரல்களுக்குப் பக்கத்தில். கணுக்கால் பக்கமே வராது.

தங்கை ஜன்னலருகே நின்றாள்.

"நீந்தினியாக்கா?"



"யார் சொன்னா?"

"உன் கால். செருப்பு அரைச்சாண் மேல ஏறிக் கடிக்காது."

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். உதட்டில் ஒரு கோணல் சிரிப்பு. "போலீஸ் புத்தி."

"குளம் ராத்திரி காலியாகலை. அடியில உப்பு பூத்திருக்கு, நண்டு காஞ்சிருக்கு. நேத்து மதியமே காலியாயிருச்சு. கடல் இறங்கியிருந்த நேரம், வேலைக்காரங்க எல்லாரும் விருந்துக்குப் பந்தல் போட இங்க வந்தாச்சு. புல்வெளியில பேண்டு வாத்தியம் ஒத்திகை. மதகு உறுமினது யாருக்கும் கேக்கலை. திரை இருக்கு, யாரும் பாக்கலை. பாவம் அந்தக் காவலாளி, அவரைத் தூங்குமூஞ்சின்னுட்டோம். வெறும் எதிரியா இருந்தா திறந்து விட்டுட்டு ஓடியிருப்பான். ஓடியிருந்தா ராத்திரி கடல் ஏறினப்போ அதுவே திரும்ப ரொம்பியிருக்கும். இது வடியுற வரைக்கும் நின்னு, கடல் திரும்புறதுக்குள்ள மதகை மூடி, சக்கரத்துக்கு எண்ணெய்த் துணியும் சுத்திட்டுப் போன கை."

அக்கா தன் கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். "சுத்தினேனா?"

"சுத்தியிருக்க."

"நினைப்பே இல்லை."

"காலியாப் போன குளத்துல அஞ்சு மணிக்கு மூணாவது படி வரைக்கும் தண்ணி பாத்தது உலகத்துலயே நீ ஒருத்திதான். அதைக்கூட ஏதோ பதட்டத்துல மாத்திச் சொல்லிட்டன்னு வச்சுக்கிட்டேன். ஆனா தம்பி ரொப்பலாம்னு சொன்னப்போ வேண்டாம்னியே. இந்த ஊர்ல அந்தக் குளம் ரொம்பணும்னு உன்னைவிட ஆசைப்படுறவங்க யாரு? நீயே வேண்டாம்னா, அதுக்குள்ள ஏதோ இருக்கு. போய்ப் பாத்தேன். மூடி கையோட வந்துச்சு."

அக்கா பேசத் தொடங்கியபோது குரல் சாதாரணமாக இருந்தது, ஓட்டல் கணக்கில் எத்தனை தலையணை என்று சொல்வதுபோல.

"திரை கட்டிட்டு எல்லாரும் போனாங்க. நாளைக்கு ஊரே இறங்கிரும். அதுக்கு முன்னாடி ஒருதடவை, எனக்கே எனக்குன்னு இறங்கணும்னு தோணுச்சு. இருபது வருஷமா மண்ணா கிடந்த இடம்டி. மல்லாந்து படுத்து மிதந்தேன். வானம் மட்டும்தான் தெரிஞ்சுது. அப்புறம் அடி வரைக்கும் தொட்டுட்டு வரலாம்னு முங்கினேன். சல்லடை ஒரு பக்கம் விலகி ஆடிட்டிருந்துச்சு. காலை இழுத்துருச்சு. யாரோ கையால பிடிச்சு இழுக்கிற மாதிரி. நான் பெரிய உடம்புக்காரி, உதைச்சுக்கிட்டு மேல வந்துட்டேன்." சற்று நிறுத்தினாள். "வெளிய வந்து பம்பை நிறுத்திட்டு, படியில உக்காந்து, விழாவுல முதல்ல குதிக்கப்போற பள்ளிக்கூடப் பிள்ளைங்களை நினைச்சேன். சின்னச் சின்னக் காலு."

"ஏன் சொல்லலை?"

"என்னன்னு சொல்ல? புதுக் குளம் ஆளைப் பிடிச்சு இழுக்குதுன்னா? விருந்துக்குப் பத்திரிகைக்காரங்க வந்திருக்காங்க. ஒரு வரி எழுதினாப் போதும், ரயில் மறுபடி நிக்காமப் போயிரும். அதைவிட யாரோ கெடுத்துட்டான்னா ஊர் மேல பாவப்படுவாங்க. ஒரு வாரத்துல போல்ட்டை மாத்திட்டு ரொப்பிக்கலாம்னு நினைச்சேன். யாரையாவது பிடிப்பாங்கன்னு நினைக்கலை."

"இப்போ பிடிச்சாச்சே."

"ஆமா." அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். இப்போது பேசியது ஊர்த்தலைவி. "ஒரு வாரம் அவரை உள்ள வச்சிரு. அடிக்கவேண்டாம், திட்டவேண்டாம், சாப்பாடு நான் அனுப்புறேன். விழா முடிஞ்சதும் சாட்சி இல்லைன்னு விட்டுரு. பெண்டாட்டி, பிள்ளை, யாரும் காத்துக்கிட்டில்லை அவருக்கு. யாருக்கு என்ன நஷ்டம்? சாயங்காலம் விருந்தாளிங்க முன்னாடி நீ வந்து, ஆளைப் பிடிச்சாச்சுன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

அந்த ஒரு வார்த்தை எவ்வளவு சின்னது என்று தங்கைக்குத் தெரிந்தது. தனக்கு அதைச் சொல்ல ஆசை இருந்தது என்பதும் தெரிந்தது. ஜன்னலுக்கு வெளியே கடற்கரைச் சாலை நெடுக மாற்றி மாற்றி மஞ்சளும் வெள்ளையுமாகப் புதுச்சாயம். அவள் வகுப்பில் கடைசி வருடம் மீந்திருந்தவர்கள் ஐந்தே பேர். மற்றவர்கள் பெட்டி கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஒவ்வொரு வீடாகப் பூட்டிய சத்தம் இன்னும் காதில் இருந்தது. அந்தச் சத்தத்தை நிறுத்தியவள் எதிரே காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். பதிலுக்குக் கேட்பது ஒரு வார்த்தை.

"அவருக்கு ஒரு பூனை இருக்குக்கா."

"என்ன?"

"யாரும் இல்லைன்னியே. பூனை இருக்கு. பம்பு கரகரங்குதுன்னு நேத்து எங்கிட்ட வந்து அவ்வளவு நேரம் கத்தினாரு, நீ மதகைத் திறந்து வச்சிருந்த அதே நேரத்துல. நான்தான் அவருக்கு சாட்சி. ஊர்லேயே அந்தச் சத்தத்தைக் கேட்ட காது அவருது ஒண்ணுதான். ஏட்டு இந்நேரம் அவரை வீட்டுல விட்டிருப்பாரு. சொல்லிட்டுத்தான் வந்தேன்."

 அக்கா கால் கட்டின் ஓரத்தைப் பிரித்தாள், சுற்றினாள்.

"பயப்படாதேக்கா," என்றாள் தங்கை. "பிள்ளை மூழ்கின குளத்துக்குத்தான் யாரும் வரமாட்டாங்க. பிள்ளைங்க மூழ்கக்கூடாதுன்னு தன் விழாவையே நிறுத்தினவ ஊருக்கு வருவாங்க. நீயே மேடையேறிச் சொல்லு. காலைக் காட்டு. இந்த ஊர் பெயிண்ட் மேல நிக்கலை. உன்னை நம்பி நிக்குது. உதிராது."

கீழே யாரோ மேசைகளை இழுத்துப் போடும் ஓசை. யாரோ ஒரு பெண் உரக்கச் சிரித்தாள். அக்கா அதைக் கேட்டாள். அவள் தோள்கள் மெல்ல இறங்கின.

"சரி. சொல்றேன்," என்றாள். "நீந்தினது, மாட்டினது, காலி பண்ணினது, பொய் சொன்னது, எல்லாம். அந்த மனுஷன்கிட்ட எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேட்கிறேன். என் மேல என்ன எழுதணுமோ எழுதிக்கோ."

"நான் எழுதமாட்டேன். நம்ம வீட்டு விஷயம். மேலதிகாரிக்கு இப்பவே சொல்லிட்டு ஒதுங்கிக்குவேன். பாத்ததை மட்டும் சொல்லுவேன்."

"அதுல ஒண்ணே ஒண்ணு." அக்காவின் குரல் தணிந்தது. ஊர்த்தலைவி போய்விட்டாள். மாலையில் விளக்கு ஏற்றும் முன் தம்பிக்குச் சோறு ஊட்டிய பெண் மட்டும் அங்கே இருந்தாள். "போல்ட்டு உப்புத் தண்ணியில தானாக் கெட்டுப்போச்சுன்னு இருக்கட்டும். பெயிண்ட் அடிச்சதைச் சொல்லவேண்டாம். தம்பி பேரு வேண்டாம். முதல் பெரிய வேலைடி அவனுக்கு. இனி ஒருத்தன் செங்கல்லு தொட விடமாட்டான். அம்மா போனப்புறம் அவனை நாம ரெண்டு பேரும்தானே இடுப்புல தூக்கிட்டுத் திரிஞ்சோம். அதுக்காக. இது ஊருக்கு இல்லை. எனக்கு. இது ஒண்ணு மட்டும்."

தங்கை வெளியே பார்த்தாள். கடல் ஏறிவிட்டது. மதகின் வெளிப்பக்கம் அலை தட்டித் தட்டித் திரும்பியது. திரைக்கு வெளியே தடுப்புச் சுவரில் தம்பி காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தான். மடியில் ஒரு காகிதப் பொட்டலம். ஷெட்டிலிருந்து வெண்கல போல்ட்டுகளை எடுத்துவந்திருக்கிறான். நிமிர்ந்து ஓட்டலின் ஜன்னலைப் பார்த்தான். கை அசைக்கவில்லை. மறைந்துகொள்ளவும் இல்லை.

காற்று பலமாக அடித்தது. அவள் ஜன்னலைச் சாத்தி இரும்புக் கொக்கியை மாட்டினாள். ஜன்னல் திட்டில் மடித்து வைத்திருந்த எண்ணெய்த் துணியை எடுத்துக் கொக்கியைத் துடைத்தாள். துணியைப் பழையபடி மடித்து வைத்தாள். அக்கா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முடியாதுக்கா," என்றாள் அவள், மெதுவாக.